ரைஸ்மில் டேட்டாபேஸ் 'ரீஸ்டோரிங்' என்று நிற்கிறது, அழித்துவிட்டு நேற்றைய பேக்கப்பைப் போடலாமா?

கல்லிடை கணக்கு:

வணக்கம். கல்லிடைக்குறிச்சி பக்கம் ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வேலையும் என் தலையில்தான். பில், நெல் கொள்முதல், எடைமேடை எல்லாம் ஒரே சாஃப்ட்வேர். அதற்குப் பின்னால் எஸ்க்யூஎல் சர்வர் 2019 எக்ஸ்பிரஸ், மைக்ரோசாஃப்ட்டின் இலவச டேட்டாபேஸ் மென்பொருள். டேட்டாபேஸ் பெயர் ரைஸ்மில்.

பிசான அறுவடை நடக்கிறது. காலையில் இருந்து அம்பை 16 ரக நெல் லோடு ஒன்றன்பின் ஒன்றாக வந்தபடி இருக்கிறது. இதற்கு நடுவில் ஆடிட்டர் ஆபீசில் போன வருஷம் மார்ச் 31 அன்று இருந்த சரக்கு இருப்பைக் கேட்டார்கள். அந்தத் தேதி பேக்கப் எங்களிடம் இருக்கிறது. அதைத் தனியாக வேறு பெயரில் ஏற்றித் தரும்படி சாஃப்ட்வேர் கொடுத்தவர்களிடம் சொன்னோம். அவர்கள் ஆள் எனிடெஸ்கில் (தூரத்தில் இருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்கும் சாஃப்ட்வேர்) வந்தார். மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம். எல்லா சிஸ்டத்திலும் சாஃப்ட்வேரை மூடச் சொன்னார். டேட்டாபேஸ்களை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ரைஸ்மில் மேல் ரைட் கிளிக் செய்து, ரீஸ்டோர் திரையில் பழைய பேக்கப் கோப்பைக் காட்டி, சேருமிடத்தில் ரைஸ்மில்_ஆடிட் என்று புதுப் பெயர் அடித்து ஓகே கொடுத்தார். வெகுநேரம் சுற்றியது. கடைசியில் வெற்றிகரமாக முடிந்ததாகத்தான் செய்தி வந்தது.

ரைஸ்மில்_ஆடிட் நன்றாகத் திறக்கிறது. ஆனால் நாங்கள் தொடவே தொடாத ரைஸ்மில் பெயருக்குப் பக்கத்தில் இப்போது 'ரீஸ்டோரிங்...' என்று இருக்கிறது. சாஃப்ட்வேரைத் திறந்தால் 927 என்ற எண்ணோடு, டேட்டாபேஸ் ரீஸ்டோருக்கு நடுவில் இருப்பதால் திறக்க முடியாது என்று பிழை வருகிறது. ஒரு மணி நேரம் பார்த்தாயிற்று, அப்படியே நிற்கிறது. சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தும் மாறவில்லை.

அந்த ஆள், "டேட்டாபேஸ் கெட்டுப் போச்சு சார், டெலீட் பண்ணிட்டு நேத்து ராத்திரி பேக்கப்பை ஏத்திரலாம்" என்கிறார். அப்படிச் செய்தால் இன்று காலை போட்ட கொள்முதல் எல்லாம் போய்விடும். எடைச் சீட்டின் கார்பன் நகல் இருக்கிறது. ஆனால் ஈரம் கழித்த கணக்கும், யாருக்கு எவ்வளவு முன்பணம் நேர் செய்தோம் என்பதும் சிஸ்டத்தில் மட்டும்தான். பணம் வாங்கவேண்டிய விவசாயிகள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாளி அண்ணாச்சி அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறார். திட்டிவிட்டாலாவது தேவலை.

இன்னும் காத்திருக்கவா, இல்லை அந்த ஆள் சொல்வதுபோல் அழித்துவிடவா?

நெல்லை நெட்:

புது குவெரி திறந்து 'ரீஸ்டோர் டேட்டாபேஸ் ரைஸ்மில் வித் ரெக்கவரி' என்று ஒரு வரி போடுங்க. வேலை முடிஞ்சது. (ஃபோனில் இருந்து தமிழிலேயே எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடிக்கணும்.)

பாளை டிபிஏ:

நெல்லை நெட் சொன்ன வரி இந்தக் கேஸுக்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் தம்பி, அதை அடிப்பதற்கு முன்னால் பத்து நிமிஷம் பொறுங்கள். முதல் காரியம், அழிக்காதீர்கள். எனிடெஸ்க் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள், அவரும் பதற்றத்தில் அழித்துவிடக் கூடாது.

'ரீஸ்டோரிங்' என்றால் கெட்டுப்போனது என்று அர்த்தம் இல்லை. கெட்டுப்போன டேட்டாபேஸுக்கு 'சஸ்பெக்ட்' என்று வரும். கோப்பையே திறக்க முடியாவிட்டால் 'ரெக்கவரி பெண்டிங்' என்று வரும். 'இன் ரெக்கவரி' என்றால் சர்வர் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது, அப்போது ரீஸ்டார்ட் கொடுத்தால் முதலில் இருந்து ஆரம்பித்து இன்னும் இழுக்கும். உங்களுடையது இந்த மூன்றும் இல்லை. 'ரீஸ்டோரிங்' என்பது, இன்னும் லாக் (டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறிக்கும் பதிவேடு) பேக்கப் வரும், ஏற்றவேண்டும் என்று சர்வர் கதவைச் சாத்தி வைத்திருக்கிற நிலை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி முடிந்தது என்று யாரும் சொல்லாததால் இலையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்களே, அந்த மாதிரி. யாராவது சொல்கிற வரை ஒரு வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும். அதனால்தான் ரீஸ்டார்ட் கொடுத்தும் மாறவில்லை, இனிக் காத்திருப்பதிலும் பயன் இல்லை.

தொடாத டேட்டாபேஸ் எப்படி இந்த நிலைக்குப் போனது? மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவின் ரீஸ்டோர் திரையில் இடது பக்கம் ஆப்ஷன்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. பெரும்பாலானோர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. அதில் 'டேக் டெயில்-லாக் பேக்கப் பிஃபோர் ரீஸ்டோர்' என்று ஒரு கட்டம், அதற்குக் கீழே மூல டேட்டாபேஸை ரீஸ்டோரிங் நிலையில் விடவும் என்று இன்னொன்று. இருக்கிற டேட்டாபேஸ் மேலேயே ரைட் கிளிக் செய்து உள்ளே போனால், 2012 பதிப்பில் இருந்து இரண்டிலும் டிக் தானாகவே விழுந்திருக்கும். அதே டேட்டாபேஸின் மேல் பழையதை ஏற்றும்போது அது நியாயமான ஏற்பாடு. கடைசி நிமிஷம் வரை எழுதியதை முதலில் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, இனி யாரும் எழுதக்கூடாது என்று கதவைச் சாத்துகிறது. ஆனால் வேறு பெயரில் நகல் எடுக்கும்போதும் அந்த டிக் அப்படியே இருந்துவிடும். நகல் புதுப் பெயரில் ஏறும், கதவு மட்டும் மூலத்துக்குச் சாத்தப்படும்.

சாஃப்ட்வேரை மூடச் சொன்னார் என்றீர்களே, அதுதான் விஷயத்தை முடித்தது. எடைமேடை சிஸ்டம் மட்டும் திறந்திருந்தால்கூட, டேட்டாபேஸ் பயன்பாட்டில் இருக்கிறது என்று 3101 பிழை காட்டி எல்லாம் அங்கேயே நின்றிருக்கும்.

இது என் ஊகம்தான், உறுதி செய்துகொள்ளவேண்டும். சர்வரின் பேக்கப் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ரைஸ்மில்_லாக்பேக்கப்_ என்று தொடங்கி இன்றைய தேதியும் நேரமும் ஒட்டிக்கொண்ட ஒரு கோப்பு இருக்கவேண்டும். அடுத்து, பேக்கப், ரீஸ்டோர் வரலாற்றை சர்வர் எழுதி வைக்கும் எம்எஸ்டிபி டேட்டாபேஸில் பேக்கப்செட் என்ற டேபிளில் ரைஸ்மில்லுக்கான கடைசி வரியைப் பாருங்கள். டைப் என்ற இடத்தில் எல் என்றும், இஸ்_ஃபோர்ஸ்_ஆஃப்லைன் என்ற இடத்தில் 1 என்றும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். நோரெக்கவரி (டேட்டாபேஸைத் திறக்காமல் ரீஸ்டோரிங் நிலையிலேயே வை என்ற கட்டளைச் சொல்) போட்டு பேக்கப் எடுத்ததால் கதவு சாத்தியது என்பதற்கு சர்வரே எழுதி வைத்திருக்கிற சாட்சி அது. அப்படியே ரீஸ்டோர்ஹிஸ்டரி டேபிளில் ரைஸ்மில் பெயரில் இன்று எந்த வரியும் இல்லை என்பதையும் பார்த்துவிடுங்கள். அங்கே இன்றைய தேதியில் ஒரு வரி இருந்தால் கதை வேறு. அதன் மேல் எதையோ ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது இங்கே வந்து சொல்லுங்கள், எதையும் அடிக்காதீர்கள்.

சரியாக இருந்தால் எஸ்க்யூஎல் சர்வர் சர்வீஸை நிறுத்தி, எம்டிஎஃப் (டேட்டா கோப்பு), எல்டிஎஃப் (லாக் கோப்பு) இரண்டையும் வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுங்கள். அந்த லாக்பேக்கப் கோப்பையும் சேர்த்து. அப்புறம் சர்வீஸைத் தொடங்கி அந்த ஒரு வரி.

ஒருவேளை அது நடக்காவிட்டாலும் இன்னொரு வழி இருக்கிறது. நேற்று இரவு எடுத்த முழு பேக்கப்பை நோரெக்கவரியோடு ஏற்றி, அதன் மேல் இந்த லாக்பேக்கப் கோப்பை ரெக்கவரியோடு ஏற்றினால், மதியம் கதவு சாத்திய நொடி வரை போட்ட எல்லாக் கொள்முதலும் திரும்ப வந்துவிடும். உங்கள் காலை நேரக் கணக்கு அந்தக் கோப்புக்குள்ளும் இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் நேற்று ராத்திரியோடு நிற்கவேண்டிய அவசியம் இல்லை.

தென்காசி லேப்:

பாளை அண்ணாச்சி ஏன் அவ்வளவு எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறார் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. தென்காசியில் ஒரு மருத்துவமனை லேபில் சிஸ்டம் பார்க்கிறேன். எங்களுக்கும் இதே 'ரீஸ்டோரிங்' வந்தது, ஆனால் காரணம் வேறு. பென் டிரைவில் இருந்து நேரடியாக ரீஸ்டோர் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டுவிட்டது. அந்த வித் ரெக்கவரி வரியைப் போட்டால் 4333 என்று பிழை. லாக் ஏற்றப்படாததால் மீட்க முடியாது என்கிறது. பாதிப் பக்கங்கள்தான் கோப்பில் எழுதப்பட்டிருக்கின்றன, எதை வைத்து மீட்கும்?

பேக்கப் கோப்பை முதலில் லோக்கல் டிஸ்க்குக்கு மாற்றி, ரீஸ்டோர் வெரிஃபைஒன்லி ஓட்டி, கோப்பு முழுதாகப் படிக்கிறதா என்று பார்த்துவிட்டு, ரீப்ளேஸ் சேர்த்து முதலில் இருந்து ஏற்றினோம். எங்களுக்கு அதுதான் வழி. ஆனால் கல்லிடைத் தம்பி, யாராவது இதைப் படித்துவிட்டு உங்களிடம் ரீப்ளேஸ் போடச் சொன்னால் கேட்டுவிடாதீர்கள். உங்கள் எம்டிஎஃப் உள்ளே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, ரீப்ளேஸ் அதன் மேல் பழையதை எழுதிவிடும்.

பாளை அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. எக்ஸ்பிரஸில் புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸ் வழக்கமாக சிம்பிள் ரெக்கவரி மாடலில்தான் (பழைய லாக்கைத் தானாகவே காலி செய்துவிடும் அமைப்பு) வரும். சிம்பிளில் லாக் பேக்கப்பே எடுக்க முடியாதே, அப்புறம் டெயில்-லாக் எப்படி எடுத்திருக்கும்?

பாளை டிபிஏ:

நல்ல கேள்வி அக்கா. அதனால்தான் ஊகம் என்றேன். ஆனால் ரெக்கவரி மாடல் என்பது டேட்டாபேஸோடு ஒட்டியே பயணம் செய்கிற விஷயம். வேறு சர்வரில் ஃபுல் மாடலில் (லாக் பேக்கப் எடுக்கும் வரை லாக்கை அப்படியே வைத்திருக்கும் அமைப்பு) உருவாக்கி, அதன் பேக்கப்பை இங்கே எக்ஸ்பிரஸில் ஏற்றியிருந்தால் இங்கேயும் ஃபுல்லாகத்தான் இருக்கும். பல சாஃப்ட்வேர் ஆட்கள் தங்கள் ஆபீஸில் ஒரு காலி டேட்டாபேஸ் வைத்துக்கொண்டு அதைத்தான் வாடிக்கையாளர் இடத்தில் ஏற்றுவார்கள். தம்பி, எல்டிஎஃப் எவ்வளவு பெரிது என்று பார்த்துச் சொல்லுங்கள். எம்டிஎஃப்பைவிடப் பல மடங்கு இருந்தால் அதுவே பதில்.

கல்லிடை கணக்கு:

எம்டிஎஃப் 4 ஜிபி. எல்டிஎஃப் 31 ஜிபி! நீங்கள் சொன்ன லாக்பேக்கப் கோப்பும் இருக்கிறது, அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு. பேக்கப்செட் டேபிளில் டைப் எல், ஃபோர்ஸ் ஆஃப்லைன் 1. ரீஸ்டோர்ஹிஸ்டரியில் இன்று ரைஸ்மில்_ஆடிட் மட்டும்தான். ரைஸ்மில் பெயரில் சாஃப்ட்வேர் போட்ட அன்று வந்த ஒரு வரியைத் தவிர வேறு இல்லை.

வெளி டிஸ்க்கில் நகல் ஓடுகிறது. திண்ணையில் எல்லாருக்கும் டீ சொல்லியிருக்கிறேன்.

நெல்லை நெட்:

2019 எக்ஸ்பிரஸுக்கு 10 ஜிபிதானே எல்லை, 31 ஜிபி எப்படி விட்டது?

பாளை டிபிஏ:

அந்த 10 ஜிபி டேட்டா கோப்புக்கு மட்டும். லாக் கோப்பு அந்தக் கணக்கில் சேராது. ஃபுல் மாடலில் வைத்துவிட்டு லாக் பேக்கப்பே எடுக்காமல் விட்டால் டிஸ்க் நிரம்பும் வரை அது வளர்ந்துகொண்டே போகும். ராத்திரிதோறும் முழு பேக்கப் எடுக்கிறோமே என்று நினைப்பார்கள். முழு பேக்கப் லாக்கைக் காலி செய்யாது.

ரீஸ்டோர் வெகுநேரம் சுற்றியதற்கும் காரணம் இதுதான். முதலில் 31 ஜிபி லாக்கை பேக்கப் எடுத்திருக்கிறது. அப்புறம் ரைஸ்மில்_ஆடிட்டுக்கும் அன்றைக்கு இருந்த அளவில் ஒரு லாக் கோப்பை உருவாக்கி, முழுவதும் பூஜ்யத்தால் நிரப்பியிருக்கிறது. டேட்டா கோப்பை அப்படி நிரப்பாமல் தாண்டிப்போக விண்டோஸில் ஓர் உரிமை கொடுக்கலாம், 2016 பதிப்பில் இருந்து இன்ஸ்டால் செய்யும்போதே அதற்கு ஒரு டிக் இருக்கிறது. லாக் கோப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. பெரிய லாக் உள்ள பேக்கப்பை ஏற்றும்போது பூஜ்யம் சதவீதத்திலேயே நெடுநேரம் நிற்பது இதனால்தான். நூறு சதவீதம் காட்டிய பிறகும் முடியாமல் நின்றால் அது வேறு: பக்கங்களை எழுதி முடித்துவிட்டு, முடிந்த பரிவர்த்தனைகளைச் சேர்த்து, பாதியில் நின்றவற்றைத் திருப்பிக்கொண்டிருக்கும். ரெண்டிலும், சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் கமாண்டுகளைக் காட்டும் டிஎம்_எக்ஸெக்_ரிக்வெஸ்ட்ஸ் பார்த்தால் ரீஸ்டோர் கமாண்ட் உயிரோடு இருப்பது தெரியும், சதவீதமும் தெரியும். அங்கே ஒன்றுமே இல்லை, பெயர் பக்கத்தில் மட்டும் 'ரீஸ்டோரிங்' என்று இருந்தால், இந்தத் தம்பியுடைய கேஸ் மாதிரி.

கல்லிடை கணக்கு:

திறந்துவிட்டது!

நகல் முடிந்ததும் சர்வீஸைத் தொடங்கி அந்த வரியைப் போட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆனால் செய்தியைப் பார்த்ததும் பயந்துவிட்டேன்: 0 பக்கங்கள் ரீஸ்டோர் செய்யப்பட்டன என்று வந்தது. எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே சாஃப்ட்வேரைத் திறந்தால், மதியம் சாப்பிடப் போகும் முன் போட்ட கடைசிச் சீட்டு வரை இருக்கிறது, ஈரம் கழித்தது, முன்பணம், எல்லாம். கார்பன் நகலோடு வரிசையாக ஒத்துப் பார்த்தேன். பட்டுவாடா தொடங்கிவிட்டது. அண்ணாச்சி இப்போதுதான் வாயைத் திறந்தார், "அந்த ஆடிட்டரை இனி ஃபோன்ல கேக்கச் சொல்லு" என்றார்.

இனி ஆடிட்டுக்கு இப்படி நகல் போடவேண்டி வந்தால் எப்படிச் செய்வது? இந்த 31 ஜிபியை என்ன செய்வது?

பாளை டிபிஏ:

0 பக்கம் என்றுதான் வரும். பேக்கப்பில் இருந்து எதையும் ஏற்றவில்லையே, கதவை மட்டும்தானே திறந்தோம்.

நகலுக்கு: ரைஸ்மில் மேல் ரைட் கிளிக் செய்யாமல், மேலே டேட்டாபேசஸ் என்ற தலைப்பின் மேல் செய்யுங்கள். மூலத்தில் டிவைஸைத் தேர்ந்தெடுத்து கோப்பைக் காட்டுங்கள், புதுப் பெயர் கொடுங்கள். ஃபைல்ஸ் பக்கத்தில் எம்டிஎஃப், எல்டிஎஃப் பெயர்களும் புதிதாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆப்ஷன்ஸ் பக்கத்தில் டெயில்-லாக் டிக்கை எடுங்கள். இப்படிப் போனாலும் அந்த டிக் சில சமயம் விழுந்திருக்கும். அதனால் ஓகே கொடுப்பதற்கு முன் மேலே உள்ள ஸ்கிரிப்ட் பொத்தானை அழுத்துங்கள். திரை என்ன செய்யப் போகிறது என்பதை அப்படியே எழுதிக் காட்டும். அதில் பேக்கப் லாக் ரைஸ்மில் என்று ஒரு வரி இருந்தால் நிறுத்திவிடுங்கள். நான் எந்த ரீஸ்டோரையும் ஸ்கிரிப்ட் பார்க்காமல் ஓட்டுவதில்லை. இதைவிட நல்லது, அந்த சர்வரிலேயே செய்யாமல் உங்கள் லேப்டாப்பில் ஒரு எக்ஸ்பிரஸ் போட்டு அங்கே ஏற்றிப் பார்ப்பது. அறுவடை நேரத்தில் ஓடுகிற சர்வரில் கை வைக்கவே கூடாது. சர்வரில் இருப்பதைவிடப் பழைய பதிப்பை மட்டும் லேப்டாப்பில் போட்டுவிடாதீர்கள். புதியதில் எடுத்த பேக்கப் பழையதில் ஏறாது.

நெல்லை நெட்:

31 ஜிபிக்கு: சிம்பிள் மாடலுக்கு மாற்றிவிட்டு லாக்கை ஒருமுறை ஷ்ரிங்க் பண்ணினால் போதும். மில்லுக்கு எதுக்கு ஃபுல்?

பாளை டிபிஏ:

மில்லுக்குத்தான் ஃபுல் வேண்டும் என்பேன். இன்று நடந்ததையே பாருங்கள். டிஸ்க்கே போயிருந்தால் சிம்பிளில் நேற்று ராத்திரிக்கு மேல் ஒன்றும் கிடைக்காது. ஃபுல்லில் வைத்து, மணிக்கு ஒரு தடவை லாக் பேக்கப் எடுத்து வேறு சிஸ்டத்துக்கு அனுப்பினால் போவது அதிகம் போனால் ஒரு மணி நேரக் கணக்கு. எக்ஸ்பிரஸில் வேலைகளை நேரப்படி தானாக ஓட்டும் ஏஜென்ட் கிடையாது. எஸ்க்யூஎல்சிஎம்டி (திரை இல்லாமல் சர்வருக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வரி ஒன்றை பேட்ச் கோப்பில் எழுதி விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவிடலாம். லாக்கும் தானாக அடங்கிவிடும். இப்போதைக்கு லாக்கை மட்டும் ஒரே ஒருமுறை 1 ஜிபிக்குச் சுருக்குங்கள், டேட்டா கோப்பைச் சுருக்கவேண்டாம்.

தென்காசி லேப்:

அண்ணாச்சி சொல்வது புத்தகத்துக்குச் சரி. ஆனால் அந்த ஷெட்யூல் நின்றுபோனால் கவனிக்க ஆள் வேண்டுமே. இந்தத் தம்பி கணக்கும் எழுதிக்கொண்டு, எடைமேடையும் பார்த்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து லாக் பேக்கப் ஓடவில்லை என்பது டிஸ்க் நிரம்பிய பிறகுதான் தெரியும். 4 ஜிபி முழு பேக்கப் சில நிமிஷத்தில் முடிகிற வேலை. சிம்பிளில் வைத்து, அறுவடைக் காலத்தில் மட்டும் மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று முழு பேக்கப் எடுத்தால் நடைமுறைக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம்.

பாளை டிபிஏ:

பார்க்க ஆள் இல்லை என்றால் அக்கா சொல்வதுபோலவே செய்யுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஃபுல்லில் விட்டுவிட்டு லாக் பேக்கப்பும் எடுக்காமல் இருப்பது மட்டும் கூடாது, அதில் ரெண்டு பக்கப் பலனும் கிடையாது.

கல்லிடை கணக்கு:

பிசானம் முடிகிற வரை அக்கா சொன்னபடி. அப்புறம் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்ததும் அந்த பேட்ச் கோப்பு எழுதிப் பார்க்கிறேன், சந்தேகம் வந்தால் இங்கேயே கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. சாஃப்ட்வேர் ஆள் ஃபோன் செய்தார். இடம் அடைக்கிறது, அந்த லாக்பேக்கப் கோப்பை அழித்துவிடலாமா என்று கேட்கிறார்.

பாளை டிபிஏ:

இப்போது வேண்டாம். இன்று ராத்திரி முழு பேக்கப் எடுங்கள், செக்சம் (கோப்பு பழுதாகவில்லை என்று சரிபார்க்கும் எண்) சேர்த்து. அதை வேறு சிஸ்டத்துக்கு நகல் எடுத்து அங்கே ஏற்றி, இன்றைய கொள்முதல் தெரிகிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். அதன் பிறகு லாக்பேக்கப் கோப்பு, வெளி டிஸ்க் நகல் ரெண்டையும் அழிக்கலாம். ஆடிட்டர் வேலை முடிந்ததும் ரைஸ்மில்_ஆடிட்டையும் எடுத்துவிடுங்கள், அதன் லாக்கும் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். எடுக்கும்போது பெயரை ஒன்றுக்கு ரெண்டு தடவை படித்துவிட்டு ஓகே கொடுங்கள் தம்பி.